புஜாங் வீட்டுப் படையலும் எங்க வீட்டுச் சொர்ணவாரி அரிசியும்

புரட்டாசி 12, வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. இங்கிலீஷ் தேதிக்கு 2023 செப்டம்பர் 29. அன்னிக்கு எங்க வீட்டுக்கு ஒரு கொரியாக்காரக் குடும்பம் விருந்துக்கு வந்துச்சு. வந்தவங்க சாப்பாட்டையும் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அடுத்த வாரம் ஊரைக் காலி பண்ணிக்கிட்டுப் போறாங்க, அதான் கடைசிச் சாப்பாடு. அதைப் பத்தி எழுதணும்னு உட்கார்ந்தா, சாப்பாட்டை விட்டுட்டு ரெண்டாயிரம் வருஷத்துக் கதையெல்லாம் வந்து நிக்குது. பொறுமையா படிங்க.

முதல்ல ஆள் யாருன்னு சொல்லிடறேன். நான் சொந்தமா உழுதுக்கிட்டு இருக்கறது 2020-ல இருந்துதான். அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷம் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில ஷிஃப்ட் பார்த்தேன். விடியக்காலம் திருக்கழுக்குன்றத்துல கம்பெனி பஸ் ஏறினா, செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் வழியா போய் இறங்கும்போது தூக்கம் கலைஞ்சிருக்கும். அங்க 2016-ல தரக்கட்டுப்பாடு பிரிவுக்கு வந்தவருதான் இவரு. அவங்க பழக்கத்துல மேல இருக்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பதவிப் பேரோட ‘நிம்’ சேர்க்கணும், நாம ‘ங்க’ போடற மாதிரி. இவரு பதவி புஜாங். அதனால புஜாங்நிம். எங்க ஆளுங்க வாயில அது ‘புஜாங்’னு சுருங்கிப் போச்சு. நானும் இங்க அப்படியே எழுதறேன், அவர் பேர் உங்களுக்கு எதுக்கு?

வந்த புதுசுல அவர் வாயில இருந்து வர்ற ஒரே வார்த்தை ‘பல்லி பல்லி’. லைன்ல எந்த இடத்துல நின்னாலும் பின்னாடி வந்து ‘பல்லி பல்லி’ம்பாரு. ஒரு பையன் நெசமாவே சுவத்தை அண்ணாந்து பார்த்தான். ‘சீக்கிரம் சீக்கிரம்’னு அர்த்தமாம். ரெண்டு பேருக்கும் ஆகாமத்தான் இருந்துச்சு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல நான் கொண்டுபோன பழைய சோத்தைப் பார்த்துட்டு, இது உன் வயல் நெல்லான்னு கேட்டாரு. ஆமான்னேன். அவரும் நெல்லு வெளையற வீட்டுப் பிள்ளை, ஜொல்லா மாகாணம்னு அவங்க நாட்டுத் தென்மேற்குப் பக்கம். அன்னையோட ‘பல்லி’ நின்னுச்சு. எனக்கு மட்டும்.

நான் வேலையை விட்ட பிறகும் வருஷத்துக்கு ரெண்டு மூட்டை அரிசி என்கிட்டதான் வாங்குவாரு. அவங்க அப்பா தவறின பிறகு அம்மாவையும் இங்கேயே கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. அந்த அம்மாவுக்கு 75 வயசு. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனா அன்னிக்கு அதிகமா பேசினது அவங்கதான்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடணும். அணுபுரம் போற ரோட்டை ஒட்டி எங்களுக்கு 60 சென்ட் இருக்கு. அப்பா காலத்து நிலம். சுத்தி எல்லாம் கல்லு நட்டு மனை ஆயிடுச்சு. தரகர் ஒருத்தர் ஆடி மாசத்துல இருந்து வந்துக்கிட்டு இருக்காரு. அந்தப் பௌர்ணமி கழிச்சு வர்ற திங்கள்கிழமை பதில் சொல்றதா ஒத்துக்கிட்டு இருந்தேன்.

*

அன்னிக்கு அவங்களுக்குச் சூசோக். சந்திர மாசக் கணக்குல எட்டாம் மாசப் பௌர்ணமி. புது நெல்லு அரிசியில சோறும் பலகாரமும் செஞ்சு, விடியக்காலம் முன்னோருக்குப் படையல் போட்டுட்டு, குடும்பமா உட்கார்ந்து சாப்பிடற நாள். நம்ம பொங்கலும் அமாவாசைப் படையலும் சேர்ந்த மாதிரி வெச்சுக்குங்க. எனக்கு ஆச்சரியமா இருந்தது நாள்தான். பத்து நாளைக்கு முன்னாடிதான் விநாயகர் சதுர்த்தி போச்சு. மறுநாள் நமக்கு மகாளய பட்சம் தொடங்குது, பதினஞ்சு நாள் முன்னோருக்குத் தண்ணி விடற காலம். நிலாவைப் பார்த்து நாள் குறிக்கிறவங்க எந்த ஊர்ல இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நேரத்துல செத்தவங்களை நினைச்சுக்கறாங்க.

அறுப்பும் பொருந்திப் போச்சு. செங்கல்பட்டுப் பக்கம் மூணு போகம் பேசுவோம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சொர்ணவாரி சித்திரை வைகாசியில போட்டு ஆவணிக்குள்ள அறுக்கறது. அந்த வருஷம் ஆடுதுறை 37 போட்டிருந்தேன், இட்லி குண்டுன்னு சொல்ற ரகம். ஆக சூசோக்குக்கு வேண்டிய புது நெல்லு எங்க வீட்லயும் இருந்துச்சு. புஜாங் கேட்டதே அதுதான்: ‘படையலைக் காலையில எங்க வீட்ல முடிச்சுட்டு வர்றோம். மத்தியானச் சாப்பாடு உங்க புது அரிசியில சாப்பிடலாமா?’

வீட்டுக்காரி உடனே கேட்டா: ‘புரட்டாசியாச்சே, அவங்க கறி மீன் இல்லாம சாப்பிடுவாங்களா?’ போன் போட்டுக் கேட்டேன். ‘பிரச்சினையே இல்ல’ன்னாரு. இருந்துச்சு. அவரு சம்சாரம் கறி போடாமத்தான் எல்லாம் செஞ்சு வந்திருந்தாங்க. பூசணியைச் சன்னமா அரிஞ்சு மாவுல தோய்ச்சுச் சுட்டது, சர்க்கரைவள்ளி மாவுல செஞ்ச கண்ணாடி மாதிரி சேமியா, கீரை வதக்கல். இலையில வைக்கிற நேரத்துல பார்த்தா பூசணி தோய்ச்சது முட்டையில. கிம்ச்சியில நெத்திலிச் சாறு. எங்க வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லல, தனியா ஓர் இலையைப் போட்டு அது ரெண்டையும் அங்க மாத்தி வெச்சுட்டா. புஜாங் சம்சாரம் முகம் சிவந்து போய் குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க. இவ ‘அய்யோ அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா’ன்னு தமிழ்லயே சொல்ல, ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்க, சரியாப் போச்சு. அந்தத் தனி இலையை என் பொண்ணு காலி பண்ணது வேற கதை.

நடுவுல ஒரு பலகாரம். சோங்ப்யான்னு பேரு. பச்சரிசி மாவைப் பிசைஞ்சு, உள்ள எள்ளும் சர்க்கரையும் வெச்சு, பாதி நிலா மாதிரி மூடி, ஆவியில வேக வைக்கிறது. அடப்பாவிங்களா, இது நம்ம சோமாசு வடிவத்துல எள்ளுப் பூரணக் கொழுக்கட்டை! அவங்க ஊர்ல பைன் மர இலையைப் பரப்பி அது மேல வெச்சு அவிப்பாங்களாம், வாசனைக்கு. வர்ற வழியில கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் சவுக்குத் தோப்பைப் பார்த்துட்டு அவங்க பையன் பைன்னு நினைச்சு ஒரு கொத்து ஒடிச்சு வந்திருந்தான். அந்த அம்மா முகர்ந்து பார்த்துட்டுத் தூரப் போட்டாங்க. வாசனை இல்லையாம். சவுக்குக்கும் இது சொந்த ஊர் இல்ல. வெள்ளைக்காரன் ரயிலுக்கு விறகு வேணும்னு 19-ம் நூற்றாண்டுல இந்தக் கரை நெடுக வெச்சது. இப்ப அது இல்லாத மாமல்லபுரத்தை நினைச்சே பார்க்க முடியல.

*

கொரியாக்காரங்க வீட்டுக்கு வராங்கன்னு தெரிஞ்சதும் ஊர்ல நாலு பேரு என்கிட்ட சொன்ன கதை ஒண்ணுதான்: தமிழ்நாட்டு ராஜகுமாரி கப்பலேறிக் கொரியா போய் ராணி ஆனாங்க, அவங்க வம்சம்தான் இவங்க. கதையோட மூலம் ‘சாம்குக் யூசா’ன்னு ஒரு புத்தகம். 13-ம் நூற்றாண்டுல இர்யான்னு ஒரு புத்த பிக்கு தொகுத்தது. கி.பி. 48-ல் ‘ஆயுத்த’ங்கற நாட்டுல இருந்து ஹியோ ஹ்வாங் ஓக் என்ற 16 வயசுப் பொண்ணு கடல் வழியா வந்து, காயா நாட்டு ராஜா சுரோவைக் கட்டிக்கிட்டதா அதுல இருக்கு. கிம்ஹே ஊர்ல ரெண்டு பேர் சமாதியும் இருக்கு. ஆயுத்தன்னா அயோத்தின்னு சொல்லி அயோத்தியில 2001-ல் நினைவுச் சின்னம் வெச்சாங்க. நம்மாளுங்க இல்ல இல்ல, அது கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு, அந்தப் பொண்ணு பேரு செம்பவளம்ங்கறாங்க.

நான் என்ன நினைக்கிறேன்னா, நடந்ததா சொல்ற காலத்துக்கும் எழுதின காலத்துக்கும் 1200 வருஷம் இடைவெளி. என் பாட்டன் பேருக்கு மேல எனக்கு வம்சம் தெரியாது. அவ்வளவு தூரத்துக்குச் சத்தியம் பண்ண நான் தயாரில்ல. புஜாங்கும் அதையேதான் சொன்னாரு: ‘நல்ல கதை, வணிகக் கூட்டத்துல எல்லாரும் சொல்வாங்க.’

மொழி விஷயமும் அப்படித்தான். சாப்பிடும்போது என் பொண்ணு ‘அப்பா’ன்னு கூப்பிட, நானும் புஜாங்கும் ஒண்ணாத் திரும்பினோம். அவங்களுக்கும் அப்பா அப்பாதான், அம்மா ‘ஓம்மா’. புல்லுக்குப் ‘புல்’, நாளுக்கு ‘நல்’, வாங்கறதுக்கு ‘வா’. ஹல்பர்ட்னு ஓர் அமெரிக்கர் 1905-லயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணப் புத்தகமே போட்டுட்டாரு. மொழி அறிஞர்கள் அதை ஏத்துக்கல. அம்மா அப்பா எல்லாம் குழந்தை வாயில முதல்ல வர்ற சத்தம், உலகம் பூரா இருக்குங்கறாங்க. நியாயம்தான். ஆனாலும் அந்த அம்மா திண்ணையில உட்கார்ந்து எங்க கன்னுக்குட்டியைப் பார்த்து ‘வா, வா’ன்னு கூப்பிட்டப்போ எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணுச்சு.

ஆதாரத்தோட ஒரு பழைய சொந்தம் வேணும்னா இந்தக் கரையிலயே இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. வஜ்ரபோதின்னு ஒரு புத்த பிக்கு. அவர் சரித்திரத்தைச் சீனத்துல எழுதி வெச்சிருக்காங்க. காஞ்சிபுரத்துல மூணு வருஷம் மழையில்லாம வறட்சி, ராஜா நரசிம்ம போத்தவர்மன் இவரைக் கேட்டுக்கிட்டாரு, இவர் வேண்டினாரு, மழை பெஞ்சுதுன்னு அதுல வருது. அந்த ராஜாதான் ராஜசிம்மப் பல்லவன், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டினவரா சொல்றது. பிறகு கடல் வழியா வஜ்ரபோதி சீனா போய்ச் சேர்ந்தாரு, கி.பி. 720 வாக்குல. அங்க அவர்கிட்ட சேர்ந்த சீடர்கள்ல ஒருத்தர் கொரியாக்காரர், சில்லா நாட்டு ஹேச்சோ. இந்த ஹேச்சோ இந்தியாவுக்கும் வந்து பயணக் குறிப்பு எழுதினாரு. ஆயிரம் வருஷத்துக்கு மேல காணாமக் கெடந்த அந்தச் சுவடி 1908-ல் சீனாவுல துன்ஹுவாங் குகையில கிடைச்சுது. மழைக்காகக் காஞ்சி ராஜா கும்பிட்ட ஆளுகிட்ட கொரியாக்காரர் பாடம் கேட்டிருக்காரு. காலையில கடற்கரைக் கோயில்ல இறங்கிப் பார்த்துட்டு வந்திருந்தாங்க, ஹேச்சோ பேரைச் சொன்னதும் புஜாங் பையன் ‘பாடப் புத்தகத்துல இருக்கு’ன்னு எழுந்து நின்னுட்டான்.

அப்புறம் ரொம்ப காலம் ஒண்ணும் பெருசா இல்ல. 1950-ல் கொரியாவுல சண்டை. நம்ம நாடு துப்பாக்கி பிடிக்க ஆள் அனுப்பல, 60-வது பாராசூட் மருத்துவப் படையை அனுப்புச்சு. அதோட தலைவர் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சுல அமெரிக்கப் படையோட சேர்ந்து வானத்துல இருந்து குதிச்சு, இறங்கின இடத்துலயே ஆபரேஷன் பண்ணாங்க. சண்டை நின்னதும் கைதிகள்ல வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம்னு சொன்ன 88 பேரை இந்தியப் படை தன்னோட கப்பல்லயே கூட்டிக்கிட்டு வந்துச்சு. அவங்க வந்து இறங்கினது எங்க தெரியுமா? நம்ம மெட்ராஸ் துறைமுகத்துல, 1954 பிப்ரவரியில. அதுல 76 பேர் கொரியாக்காரங்க, மீதி சீனாக்காரங்க. பிறகு டெல்லி போய், பாதிக்கு மேல பிரேசில், அர்ஜென்டினான்னு போயிட்டாங்க. இங்கேயே தங்கின சிலர் கோழிப்பண்ணை வெச்சுப் பிழைச்சிருக்காங்க. எந்த நாடும் வேண்டாம்னு வந்தவனுக்குக் கடைசியில கோழிதான் கை கொடுத்திருக்கு.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்க்கு அடிக்கல் நட்டாங்க, 1998-ல் சாண்ட்ரோ கார் வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஏரி மாவட்டம்னு பேரெடுத்த நம்ம மாவட்டத்துல ஏரிக்குக் கீழ நெல்லு நின்ன எடத்துல எல்லாம் கம்பெனி நின்னுச்சு. நானே அதுல சம்பளம் வாங்கினவன், பொறுப்பைத் தட்டிக் கழிக்கல.

*

இப்ப சோத்துக்கு வரேன். அன்னிக்கு மனசுல நின்னது அதுதான்.

இலையில வடிச்ச சோத்தைப் போட்டதும் அந்த அம்மா ஒரு பருக்கையை எடுத்து விரல் நடுவுல நசுக்கிப் பார்த்தாங்க. குண்டு அரிசி, பார்க்க அவங்க ஊர் அரிசி மாதிரியே இருக்கும். ஆனா ஒட்டாது. ஒட்டுறதும் உதிர்றதும் அமைலோஸ்னு ஒரு மாவுச்சத்தோட அளவைப் பொறுத்தது. அது கூடினா நம்ம மாதிரி பொலபொலன்னு இருக்கும், குறைஞ்சா அவங்க மாதிரி குச்சியில எடுக்கற அளவுக்கு ஒட்டும். அந்த அம்மா ஒரு வாய் போட்டுட்டு என்னவோ ஒரு வார்த்தை சொன்னாங்க. புஜாங் சிரிச்சாரு. ‘தோங்கில்’னு சொல்றாங்க, எங்க ஊர்ல முன்னாடி ஒரு நெல்லு, அந்தச் சோறு மாதிரி இருக்காம்னாரு.

அப்புறம் அவங்க பேச, இவரு மாத்திச் சொல்ல, நாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம். அவங்க சின்ன வயசுல பங்குனி சித்திரை வாக்குல குதிர் காலியாயிடும், பார்லி இன்னும் முத்தியிருக்காது. அந்த ரெண்டு மாசத்துக்குப் ‘பார்லி மேடு’ன்னே பேரு. ஏறிக் கடந்தாத்தான் உயிர். மரப்பட்டையைச் சீவித் தின்ன காலம். எங்க அப்பா சொல்ற ஐப்பசி கார்த்திகை இதேதான், அடைமழையில வேலையும் இருக்காது, பானையில அரிசியும் இருக்காது.

1969-ல் இருந்து அவங்க நாட்டு ஓட்டல்ல புதன், சனி அரிசிச் சோறு போடக் கூடாதுன்னு சட்டம். கள்ளு மாதிரி அவங்க குடிக்கிற மக்கொல்லியை அரிசியில காய்ச்சத் தடை. பள்ளிக்கூடத்துல வாத்தியார் டிபன் டப்பாவைத் திறந்து பார்லி கலந்திருக்கான்னு பார்ப்பாராம். புஜாங்கோட அக்கா மேலாப்புல மட்டும் பார்லியைத் தூவிக்கிட்டுப் போய் மாட்டினது இன்னிக்கும் வீட்ல கேலிப் பேச்சு. இங்க மட்டும் என்ன வாழ்ந்துச்சு? 1965-ல் சாஸ்திரி திங்கள்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னாரு. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு எத்தனை படி அரிசிங்கறதுதான் பேச்சு. ரெண்டு நாடும் அமெரிக்கக் கோதுமைக் கப்பலைப் பார்த்துக்கிட்டு நின்ன காலம் அது.

தோங்கில்னா அவங்க மொழியில ‘நாடு ஒண்ணு சேர்றது’ன்னு அர்த்தம். அந்த நெல்லு 1972-ல் நாடு பூரா போட வெச்சாங்க. அந்த அம்மா சொன்னது: பழைய ரகத்தை நாத்து விட்டா ஆபீசர் பூட்ஸ் காலோட எறங்கி மிதிச்சுட்டுப் போயிடுவாராம். விளைச்சல் மூணுல ஒரு பங்கு கூடுச்சு. ஆனா சோறு ருசியில்ல, ஆறினா உதிர்ந்துடும். கதிர்ல நெல்லு தானா கொட்டும். வைக்கோல் குட்டையா போச்சு, கூரை வேய, கயிறு திரிக்க ஆகல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க அப்பா ஐ.ஆர். எட்டைப் பத்தி வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் புலம்புவாரு: சோறு ஆறினா கொட்டை மாதிரி, வைக்கோலை மாடு மோந்து பார்க்காது, குட்டை. வயிறு மட்டும் ரொம்புச்சு. ‘வயிறு ரொம்புச்சு’ன்னு அந்த அம்மாவும் கையை வயித்து மேல வெச்சுச் சொன்னாங்க.

அவங்க போன பிறகு ரெண்டு மூணு நாள் ராத்திரி இதைத் தேடிப் படிச்சேன். புலம்பல் ஒண்ணா இருந்ததுக்குக் காரணம் கிடைச்சுது.

தோங்கிலை உருவாக்கினவர் சோல் தேசியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹியோ முன் ஹுவே. 1960-களின் நடுவுல பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் அங்க வேலை பார்த்தாரு. குளிர் தாங்கற ஜப்பான் ரகம் ஒண்ணு, பேரு யூகாரா. அதைத் தைவான் குட்டை நெல்லு ‘தைச்சுங் நேட்டிவ் 1’ கூடக் கலந்தாரு. வந்ததை மூணாவதா ஒரு நெல்லோட கலந்தாரு. அந்த மூணாவது நெல்லு எது? ஐ.ஆர். எட்டு. 1966-ல் வெளிவந்து எங்க அப்பா வயலுக்கு வந்த அதே நெல்லு. நம்ம வட ஆற்காட்டுல ஒரு விவசாயி தன் பிள்ளைக்கே ‘ஐஆரெட்டு’ன்னு பேர் வெச்சாரே, அந்த நெல்லுதான். ஆக அந்த அம்மா வயிறு ரொம்பின நெல்லும் எங்க வீட்ல வயிறு ரொம்பின நெல்லும் அப்பனும் பிள்ளையும்.

இன்னும் மேல போனேன். ஐ.ஆர். எட்டுக்கு அம்மா அப்பா: தைவான் குட்டை ‘டீ ஜியோ வூ ஜென்’, இந்தோனேசியா நெட்டை ‘பேட்டா’. இந்தப் பேட்டாவைப் பெத்த ரெண்டு நெல்லுல ஒண்ணு ‘சீனா’, இன்னொண்ணு ‘லத்திசால்’. லத்திசால் வங்காளத்து நெல்லு. இந்திய மண்ணுல இருந்து ஒருத்தி கடல் தாண்டி, ஜாவா, பிலிப்பைன்ஸ் வழியா, பேர் மாறி உருமாறி, 1972-ல் கொரியாவுல போய் வாக்கப்பட்டிருக்கா. கூட்டிக்கிட்டுப் போனவர் குடும்பப் பேரைக் கவனிச்சீங்களா? ஹியோ. அந்த ராணி பேர்ல இருக்கற ஹியோ. கொரியாவுல ஹியோ குடும்பப் பேர் உள்ளவங்க எல்லாம் அந்த ராணி வம்சம்னுதான் சொல்லிக்குவாங்களாம். தற்செயல்தான், எனக்கும் தெரியும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு இதைப் படிச்சுட்டு வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன். திட்டினா.

கொடுக்கல் மட்டும் இல்ல, வாங்கலும் உண்டு. நாம சன்னம், ருசின்னு கொண்டாடற பொன்னி மலேசியாவுல பிறந்தது. அதுக்கு ஒரு பக்கம் தைச்சுங் 65, ஒட்டற சாதி நெல்லு. 1960-களில் தஞ்சாவூரைத் தூக்கி நிறுத்தின ஆடுதுறை 27-லயும் பாதி ஜப்பான் ரத்தம், மறுபாதி கோயம்புத்தூர் ஜி.இ.பி. 24. எங்க நெல்லுல அவங்க ஊர்ப் பக்கத்துச் சாதி, அவங்க நெல்லுல எங்க பக்கத்துச் சாதி.

தோங்கில் நிலைக்கல. 1977-ல் நாட்டுக்கே அரிசி போதும்ங்கற நிலைக்குக் கொண்டு வந்துச்சு, மக்கொல்லித் தடையை எடுத்தாங்க. அடுத்த வருஷம் முக்கால்வாசி வயல்ல அதுதான் நின்னுச்சு, அந்த வருஷமே குலை நோய் அடிச்சுது. 1980-ல் கோடைக் குளிர் வந்து பதராக்கிட்டுப் போச்சு. வயிறு ரொம்பின சனம் மறுபடியும் ருசி கேட்டுச்சு, பழைய ஒட்டற ரகத்துக்கே போயிட்டாங்க. இப்ப அங்க சோறு தின்ன ஆள் இல்லாம அரிசி தேங்குதாம்.

*

‘உங்க நிலம் என்னாச்சு?’ன்னு அந்த அம்மாவைக் கேட்டேன். ஆறு மஜிகி வெச்சிருந்தாங்களாம். மஜிகின்னா ஒரு படி மாதிரி ஓர் அளவு விதை விதைக்கிற அளவு நிலம், நம்ம தென்மாவட்டத்துல கோட்டை விதைப்பாடும்பாங்களே அது போல. புஜாங் கல்லூரி சேர்ந்தப்போ ரெண்டு மஜிகி வித்தாங்க, பட்டணத்துல வீடு பிடிக்க இன்னும் ரெண்டு. மீதி ரெண்டை அவர் அப்பா சாகற வரைக்கும் உழுதாரு. இப்ப அது தரிசு. அந்த ஊர்ல அறுபது வயசுக்குக் கீழ ஆளே இல்லையாம், பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. புஜாங் இதை மாத்திச் சொல்லும்போது என்னைப் பார்க்கல, இலையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு.

அந்த அம்மா என்கிட்ட திருப்பிக் கேட்டாங்க, உனக்கப்புறம் யாரு உழுவான்னு. என் பொண்ணு செவிலியர் படிக்கிறா. பையன் அதே ஒரகடத்துல வேற கம்பெனி. ‘தெரியலம்மா’ன்னேன். தரகர் விஷயத்தை நான் புஜாங்கிட்டகூடச் சொல்லியிருக்கல. அன்னிக்கும் சொல்லல.

சாயங்காலம் கிளம்பற நேரம். அவங்க ஊர்ல இந்த நாள்ல முழு நிலா எழும்பறதைப் பார்த்து வேண்டிக்கணுமாம். அதனால ரோட்டோர வயலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், அங்கதான் கெழக்கே மறைப்பு இல்லாம இருக்கு. அறுத்த தாள் அப்படியே கெடக்க, ஒரு மூலையில சம்பாவுக்கு நாத்து விட்டிருந்தேன். வெள்ளைப் பொன்னி, இருபது நாள் வயசு. நிலா கடல் பக்கம் செவப்பா எழும்பி வந்துச்சு. எல்லாரும் கும்பிட்டாங்க. திரும்பிப் பார்த்தா அந்த அம்மாவைக் காணோம்.

செருப்பைக் கழட்டி வரப்புல வெச்சுட்டு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கிட்டு நாத்தங்கால்ல எறங்கிட்டாங்க. குனிஞ்சு ஒண்ணைப் பிடுங்கி என்கிட்ட காட்டி ‘பீ’ன்னாங்க. அவங்க மொழியில நாத்துக்குள்ள வளர்ற குதிரைவாலிக் களைக்கு அதான் பேராம். நாத்தும் அதுவும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும், கணுவுல மயிர் மாதிரி இருக்கான்னு கிட்டப் பார்த்தாத்தான் பிரிச்சுச் சொல்ல முடியும். எங்க ஊர்ல கூலிக்கு வர்ற பொம்பளைங்களே பாதி விட்டுடுவாங்க. இவங்க நிலா வெளிச்சத்துல விரல்லயே தடவித் தடவிப் பிடுங்கிக்கிட்டுப் போறாங்க. புஜாங் வரப்புல நின்னு ‘ஓம்மா, பல்லி பல்லி’ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. அவங்க காதுல வாங்கவே இல்ல. அரைமணி நேரம் கழிச்சு ஒரு கட்டுக் களையோட ஏறி வந்து, மாட்டுக்குப் போடச் சொல்லி என் கையில கொடுத்தாங்க.

காருக்குள்ள புது அரிசி அஞ்சு படி வெச்சேன். விமானத்துல தானியம் கொண்டுபோக விடமாட்டாங்க, இங்க இருக்கற ஒரு வாரத்துல சமைச்சுத் தீர்த்துடறோம்னாரு புஜாங். மிஞ்சின சோங்ப்யானை வீட்டுக்காரி மறுநாள் எண்ணெயில பொரிச்சா, அவிச்சதைவிட நல்லாத்தான் இருந்துச்சு.

திங்கள்கிழமை காலையில தரகர் போன் பண்ணாரு. நாத்து இருபத்திமூணு நாள் ஆச்சுங்க, இந்த வாரம் பறிச்சாகணும், நடவு முடியட்டும் பேசலாம்னு சொல்லி வெச்சேன்.